கரோலினாவில் சங்கம் வளர்த்த கதை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதித் தொழிலாளியைப் பற்றி, அங்குள்ள பஞ்சாலை முதலாளிகளும், அவர்களுடைய தயவில் நடந்த பத்திரிகைகளும், ஞாயிறுதோறும் பிரசங்க மேடையேறிய பாதிரிமார்களில் பலரும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் சளைக்காமல் தீட்டிவந்த சித்திரம் ஒன்று உண்டு. அவன் மலைநாட்டுக் குடியானவர் வழிவந்தவன். தன் வழக்கைத் தானே பேசித் தீர்த்துக்கொள்ளும் மானி. கிடைத்த கூலியில் திருப்தி கொள்ளும் தெய்வபக்தன். வடக்கேயிருந்து எவனாவது அந்நியன் வந்து கிளறிவிட்டாலன்றி, எஜமானனுக்கு எதிராகச் சங்கம் சேர்வது அவன் சுபாவத்திலேயே இல்லை. முதலாளிகள் இப்படிச் சொன்னதில் வியப்பில்லை. சங்கம் அமைக்கப் போய்த் தோற்றுத் திரும்பியவர்களிலும் பலர் இதையே நம்பித் தங்கள் தோல்விக்குச் சமாதானம் தேடிக்கொண்டார்கள் என்பதுதான் வியப்பு. சரித்திரத்தைச் சற்றுப் பொறுமையாகப் புரட்டுகிறவர் முன்னிலையில் இந்தச் சித்திரம் நிற்பதில்லை. 1898, 1901, 1914, 1919, 1929, 1934 என்று, திருப்தியுள்ளவர்களாகச் சொல்லப்பட்ட அந்த ஜனங்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் எழுந்திருக்கிறார்கள். ஆகையால் அந்தப் பூமி சங்கத்துக்கு ஆகாத களர்நிலமாகப் பிறந்தது என்பதைவிட, மிகுந்த யோசனையோடும் பொருட்செலவோடும் களராக்கப்பட்டது என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

1865இல் உள்நாட்டு யுத்தம் முடிந்தபோது, தென்ராஜ்யங்கள் அடிமை முறையை இழந்து, கடனில் மூழ்கி, தங்கள் வயலில் விளைந்த பருத்தியை நியூ இங்கிலாந்து ஆலைகளுக்கும் கடல்கடந்து லங்காஷயருக்கும் அனுப்பிவிட்டு, அதே பருத்தியில் நெய்த துணியை விலைகொடுத்து வாங்கும் நிலையில் இருந்தன. (இந்த வியாபாரத்தின் லட்சணத்தை நம் தேசத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை.) பருத்தி விளையும் இடத்துக்கே ஆலையைக் கொண்டுவர வேண்டும் என்ற கோஷம் 1880க்குப் பிறகு ஒரு மதப் பிரசாரத்தின் உற்சாகத்தோடு பரவிற்று, அட்லாண்டா நகரத்துப் பத்திரிகாசிரியர் ஹென்றி கிரேடி அதற்குப் 'புதிய தெற்கு' என்ற பெயரைப் பிரபலமாக்கினார். அப்பலாச்சியன் மலைத்தொடருக்கும் கடற்கரைச் சமவெளிக்கும் இடையே, வர்ஜீனியாவின் டான்வில் நகரத்திலிருந்து இரண்டு கரோலினாக்களையும் ஜார்ஜியாவையும் கடந்து அலபாமா வரையில் வளைந்து செல்லும் பீட்மாண்ட் என்ற மேட்டுநிலத்தில், ஆறு இறங்கி ஓடும் இடங்களிலெல்லாம் ஆலைகள் எழுந்தன. 1905க்குப் பிறகு புகையிலைச் சீமான் ஜேம்ஸ் டியூக்கின் கம்பெனி அதே ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுத்து விற்கத் தொடங்கவே, ஆற்றங்கரையை விட்டும் ஆலைகள் பெருகின. 1920களின் நடுவில், ஓடும் கதிர்களின் எண்ணிக்கையில் தெற்கு நியூ இங்கிலாந்தை மிஞ்சிவிட்டது. வடக்கத்தி மூலதனமே பெருமளவில் இடம்பெயர்ந்து வந்தது. இங்கே கூலி மலிவு, வேலையாட்கள் சாதுக்கள், சங்கம் என்ற தொல்லை கிடையாது என்று தெற்கத்தி வர்த்தக சபைகளும் மின்சாரக் கம்பெனிகளும் விளம்பரம் செய்து அதை வரவேற்றன.

ஆலையைக் கட்டியவரே ஊரையும் கட்டினார். பருத்தி விலை விழுந்து, வாரச் சாகுபடியில் கடன்பட்டு, நிலத்தை விட்டு மூட்டை முடிச்சுகளோடு வந்த குடும்பங்களுக்கு ஆலை ஒரு மரவீட்டைக் கொடுத்தது. வாடகை அறைக்கு இவ்வளவு என்று கூலியில் பிடித்துக்கொண்டது. அறைக்கு ஓர் ஆள் வீதம் வேலைக்கு வரவேண்டும் என்று பல இடங்களில் விதித்தது. தகப்பன் மட்டும் உழைத்தால் போதாது. தாயும், பெண்மக்களும், பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களும் கதிரறைக்குள் போனார்கள். லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் 1908இல் கரோலினா ஆலைகளில் எடுத்த படங்களில், இயந்திரத்தின் பாதி உயரம்கூட இல்லாத குழந்தைகள் வெறுங்காலோடு நிற்பதை இன்றும் காணலாம். மளிகைக்கடை ஆலையுடையது, பள்ளிக்கூடம் ஆலையுடையது, வைத்தியர் ஆலையின் சம்பளக்காரர், தேவாலயத்தைக் கட்டித்தந்து பாதிரியாரின் ஊதியத்தில் ஒரு பங்கைக் கொடுத்ததும் ஆலையே, ஊர்க்காவலுக்கு இருந்த ஷெரீப்பின் உதவியாளும் பல ஊர்களில் ஆலைப் பணத்தில் ஜீவித்தவர். வேலை போனால் வீடு போயிற்று, கடைக் கடன் கழுத்தைப் பிடித்தது, தேவாலயத்தில் உட்காரும் இடமும் சந்தேகத்துக்கு உரியதாயிற்று. இப்படிப்பட்ட ஓர் ஊரில் சங்கச் சீட்டில் கையெழுத்திடுவது எத்தகைய துணிச்சல் என்பதை, சம்பளத்தை மட்டும் ஆலையிடம் பெற்று வீட்டை வேறெங்கோ வைத்துக்கொண்டிருக்கிற தொழிலாளி எளிதில் உணரமாட்டான்.

ஆயினும் ஒரு விஷயத்தை நியாயத்துக்காகச் சொல்லவேண்டும். அந்த ஊர்களில் வாழ்ந்து முதுமையடைந்த பலர் அவற்றை வெறும் சிறையாக நினைவுகூரவில்லை. ஒருவர் வீட்டில் நோய் என்றால் தெருவே சமைத்துக் கொடுத்ததையும், பன்றி அடித்தால் பங்கிட்டு உண்டதையும், சனிக்கிழமை இரவுகளின் பிடில் இசையையும் பாசத்தோடு சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து நகரத்தார் தங்களைத் தலையில் பஞ்சு ஒட்டியவர்கள் என்று இழித்துப் பேசியதால் அவர்களுடைய ஒட்டுறவு மேலும் இறுகிற்று. முதலாளிக்குப் பிடியாக அமைந்த அதே தெரு, வேலைநிறுத்தம் வந்தபோது ஒருவர் விடாமல் சேர்ந்து வெளியேறும் சேனையாகவும் ஆயிற்று. கட்டுப்படுத்தக் கட்டிய ஊரே கலகத்துக்கும் இடங்கொடுத்ததை முதலாளிகள் 1929 வரையில் சரியாகக் கவனிக்கவில்லை.

நிறபேதத்தை இந்த ஏற்பாட்டின் மற்றொரு தூண் எனலாம். நூற்பறையும் தறியறையும் வெள்ளையருக்கு மட்டும் உரியவை. கறுப்பு ஆண்களுக்குப் பேல் உடைக்கும் அறையும், முற்றமும், குப்பையும். கறுப்புப் பெண்களுக்கு வெள்ளைத் தொழிலாளியின் வீட்டில் குழந்தை வளர்க்கும் வேலை. 1915இல் தென் கரோலினா சட்டசபை, இரு இனத்தாரும் பஞ்சாலையில் ஒரே அறையில் வேலை செய்யலாகாது, ஒரே படிக்கட்டில் ஏறலாகாது, ஒரே வாளியில் தண்ணீர் குடிக்கலாகாது என்று சட்டமே இயற்றிற்று. அரை வயிற்றுக் கூலி வாங்கிய வெள்ளையனுக்கு, தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற மனநிறைவு கூலியோடு சேர்த்து அளக்கப்பட்டது. சங்கம் வந்தால் உன் பக்கத்தில் கறுப்பனை நிறுத்துவார்கள் என்ற ஒரு வார்த்தை, அரை நூற்றாண்டுக் காலம், ஒரு பட்டாளத்தின் வேலையைச் செய்தது.

1898 முதல் 1901 வரை அகஸ்டாவிலும், வட கரோலினாவின் அலமான்ஸ் ஜில்லாவிலும், டான்வில்லிலும் நடந்த போராட்டங்களை இங்கே விரிக்க இடமில்லை. எல்லாம் வீட்டைவிட்டு வெளியேற்றுவதிலும் பட்டினியிலும் முடிந்தன. அவற்றைப் பற்றி நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ஆலைகள் தோன்றி இருபது ஆண்டுகளுக்குள்ளேயே, சங்கத்தை விரும்பாதவர் என்று சொல்லப்பட்ட ஜனங்கள் ஆயிரக்கணக்கில் சங்கம் சேர்ந்தார்கள்.

முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு துணிச்சந்தை நொடித்தபோது, தொழிலாளர் 'ஸ்ட்ரெச்-அவுட்' என்று வெறுப்போடு பெயரிட்டழைத்த முறை வந்தது. கூலியை உயர்த்தாமல், ஓர் ஆள் பார்க்கும் தறிகளையும் கதிர்களையும் இரட்டிப்பாக்குவது, கையில் கடிகாரம் பிடித்த ஒருவனைப் பின்னால் நிறுத்தி மூச்சுவிடும் நேரத்தையும் கணக்கெடுப்பது, மிஞ்சிய ஆட்களை வீட்டுக்கு அனுப்புவது என்பதே அதன் சாரம். வட கரோலினாவின் காஸ்டோனியா நகரத்தில், ரோட் ஐலண்டு முதலாளிகளுக்குச் சொந்தமான லோரே ஆலையில், சுமார் 3,500 பேர் செய்த வேலையை 2,200 பேர் செய்யும்படி ஆயிற்று. இதைப் பற்றி அங்கே ஒரு வேடிக்கை சொல்லப்படுகிறது. 1928இல் நெசவாளர்கள் மேலாளருக்குப் பாடை கட்டி, ஒரு சவப்பெட்டியைத் தோளில் சுமந்து, வீதியில் ஊர்வலம் போனார்களாம். பெட்டிக்குள் படுத்திருந்தவன் அவ்வப்போது எழுந்து உட்கார்ந்து, எத்தனை பேர் சுமக்கிறீர்கள் என்று கேட்பானாம். எட்டுப் பேர் என்றதும், இரண்டு பேரை வேலையிலிருந்து நீக்கு, ஆறு பேர் போதும் என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வானாம். சாதுக்கள் என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஜனங்களின் நகைச்சுவை இது.

1929 மார்ச்சில் டென்னஸி ராஜ்யத்து எலிசபெத்டன் நகரத்தில், ஜெர்மானிய மூலதனத்தில் நடந்த செயற்கைப்பட்டு ஆலைகளிலிருந்து மலைநாட்டு இளம்பெண்கள் வெளியேறியதோடு அந்த ஆண்டின் தீ மூண்டது. ஏப்ரல் 1ஆம் தேதி லோரே ஆலை நின்றது. வாரத்துக்கு 20 டாலர் குறைந்தபட்சக் கூலி, 40 மணி நேர வாரம், வேலைப்பளு ஏற்றத்துக்கு முடிவு என்பன கோரிக்கைகள். அங்கே சங்கத்தை நடத்தியவர் ஃபிரெட் பீல். மாஸசூஸெட்ஸ் ஆலைகளில் சிறுவனாக வேலைசெய்து வளர்ந்தவர். அவருடைய சங்கமோ கம்யூனிஸ்டுகளுடையது. தறிக்கும் கூலிக்கும் நடந்த வழக்கில் உலகப் புரட்சியின் பாஷையைக் கொண்டுவந்து கலந்தது எதிரிகளின் கையில் அவர்களே கொடுத்த ஆயுதம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்த ஆண்டில், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே சங்கத்தில் இருக்கவேண்டும் என்று தெற்கே நின்று சொன்னவர்கள் அவர்களே என்பதையும் மறைக்கலாகாது.

கவர்னர் மாக்ஸ் கார்ட்னர் பட்டாளத்தை அனுப்பினார். அவரும் ஓர் ஆலைக்குச் சொந்தக்காரர். முகமூடியணிந்த ஒரு கூட்டம் சங்கக் கட்டடத்தை இரவோடிரவாக இடித்து நொறுக்கிற்று; வீடுகளிலிருந்து துரத்தப்பட்டவர்கள் கூடாரமடித்துத் தங்கினார்கள். ஜூன் 7ஆம் தேதி அந்தக் கூடாரங்களிடையே நடந்த துப்பாக்கிச் சண்டையில் நகரப் போலீஸ் தலைவர் அடர்ஹோல்ட் சுடப்பட்டு இறந்தார். வழக்கு சார்லட் நகரத்தில் நடந்தது. இறந்தவரின் ஆளுயரப் பதுமை ஒன்றை, ரத்தக்கறை படிந்த அவருடைய உடைகளோடு, அரசு வக்கீல்கள் நியாயஸ்தலத்துக்குள் கொண்டுவந்து வைத்தார்கள், அதிர்ச்சியில் ஜூரிகளில் ஒருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது, விசாரணை ரத்தாயிற்று. மறுவிசாரணையில் பீல் உட்பட ஏழு பேர் தண்டிக்கப்பட்டார்கள். ஜாமீனை விட்டு ருஷ்யாவுக்கு ஓடிய பீல், அங்கே கண்டதில் மனம் கசந்து திரும்பிவந்து வட கரோலினாச் சிறையில் அடைபட்டார். அவருடைய வாழ்க்கை தனியே ஒரு நூலுக்குரியது.

முதல் விசாரணை ரத்தானதற்கும் மறுவிசாரணைக்கும் இடையே, செப்டம்பர் 14ஆம் தேதி, எல்லா மே விக்கின்ஸ் கொல்லப்பட்டார். முப்பது வயது நிரம்பாத அந்தப் பெண் பெஸ்ஸெமர் நகரத்து ஆலையொன்றில் நூற்பு வேலை செய்தவர். ஒன்பது குழந்தைகளைப் பெற்று நால்வரைக் கக்குவான் இருமலுக்குப் பறிகொடுத்தவர். நோயாளிக் குழந்தைகளைக் கவனிப்பதற்காகப் பகல் ஷிப்டு கேட்டபோது மேலாளர் மறுத்ததைச் சங்கக் கூட்டங்களில் அவரே சொல்லியிருக்கிறார். வெள்ளையராக இருந்தும் கறுப்பர் குடியிருப்பிலே வசித்தார். அண்டை வீட்டாரைச் சங்கத்தில் சேர்த்தார். மலைநாட்டு மெட்டுக்களில் தாமே பாட்டுக் கட்டிப் பாடினார். அன்று கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த லாரியை ஒரு கும்பல் வழிமறித்துச் சுட்டது. பட்டப்பகலில், பலர் பார்த்திருக்க நடந்த அந்தக் கொலைக்கு எவரும் தண்டனை அடையவில்லை. மூன்று வாரங்கூட ஆகவில்லை; அக்டோபர் 2ஆம் தேதி மேரியன் நகரத்து ஆலை வாசலில் ஷெரீப்பின் ஆட்கள் கண்ணீர்ப்புகை வீசி, சிதறி ஓடியவர்களைச் சுட்டதில் ஆறு பேர் மாண்டார்கள். மேரியனில் கம்யூனிஸ்டுகள் இல்லை. பழைய, நிதானமான சங்கமே இருந்தது. குண்டுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

இத்தனைக்கும் பிறகு ஐந்தே ஆண்டுகளில் அந்த ஜனங்கள் மறுபடி எழுந்தார்கள். இம்முறை எழுந்தது தேசமே கண்டிராத அளவில். 1933இல் ஜனாதிபதி ரூஸ்வெல்டின் மறுமலர்ச்சிச் சட்டம், தொழிலாளர் தாம் விரும்பிய சங்கத்தில் சேரும் உரிமையை எழுத்தில் தந்தது; அச்சட்டத்தின்கீழ் முதலாவதாக ஏற்பட்ட பஞ்சாலை விதித்தொகுப்பு, தெற்கே 40 மணி நேர வாரத்துக்கு 12 டாலர் என்று கூலி நிர்ணயித்தது. ஜனாதிபதியே தங்களைச் சங்கம் சேரச் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்ட தொழிலாளர் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்தார்கள். 15,000 உறுப்பினரே இருந்த ஐக்கிய நெசவுத் தொழிலாளர் சங்கம் ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டரை லட்சம் என்று சொல்லிக்கொள்ளும்படி வளர்ந்தது. ஆலைகளோ குறைந்த மணி நேரத்தில் பழைய அளவு நூலையும் துணியையும் பிழிந்தெடுக்க வேலைப்பளுவை மேலும் ஏற்றின. பென்சிலால், கோணல் எழுத்தில், கோட்டுக் காகிதத்தில், ஆயிரக்கணக்கான கடிதங்கள் வாஷிங்டனுக்குப் போயின. அந்தப் புகார்களை விசாரிக்கும் பொறுப்பு, சுற்றி வளைத்து, ஆலை முதலாளிகளின் ஸ்தாபனத்திடமே வந்து சேர்ந்தது. எழுதியவர் பெயர் ஆலைக்குத் தெரிந்ததுதான் பல கடிதங்களுக்குக் கிடைத்த பலன்.

1934 ஜூலையில் அலபாமா தொழிலாளர் தாமாகவே வேலையை நிறுத்தினார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் தேசமெங்கும் சுமார் 4 லட்சம் பேர் நின்றுவிட்டார்கள். லாரிகளிலும் பழைய மோட்டார்களிலும் ஏறிக்கொண்டு, ஓர் ஊர் ஆலையை மூடிவிட்டு அடுத்த ஊருக்குப் பறந்த 'பறக்கும் படை'களில் பெண்கள் முன்னின்றார்கள். வாஷிங்டனில் பிரான்சிஸ் கோர்மன் போராட்டத்தை நடத்தினார்; ஆனால் போராட்ட நிதி என்று சொல்லத்தக்கது சங்கத்திடம் ஏதுமில்லை. சாப்பாட்டுக்கு வழி சொல்லாமல் நான்கு லட்சம் பேரை வெளியே அழைத்தவர்கள் வீரத்தை விதைத்தார்களே தவிர விவேகத்தைக் காட்டவில்லை.

தென் கரோலினாவின் ஹொனியா பாத் என்ற சிற்றூரில், செப்டம்பர் 6ஆம் தேதி காலை, சிக்கோலா ஆலையின் வாசலில் நின்ற கூட்டத்தின்மீது ஆலைக்குள்ளிருந்தும் பக்கத்திலிருந்தும் சுட்டார்கள். ஏழு பேர் இறந்தார்கள். பெரும்பாலோருக்கு முதுகில் காயம். ஆலையின் மேலாளர் டான் பீச்சம். ஊரின் மேயரும் அவரே. ஊர்த் தேவாலயங்கள் இறந்தவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் திறந்த வயலில் கூடி ஈமச்சடங்கை நடத்தினார்கள். ஜார்ஜியாவின் கவர்னர் யூஜின் டால்மட்ஜ், தொழிலாளருக்கு எதிராகப் பட்டாளத்தை ஏவமாட்டேன் என்று வாக்களித்து ஓட்டு வாங்கி, கட்சித் தேர்தல் முடிந்த சில நாட்களுக்குள் ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் பிடித்து, உலக யுத்தக் காலத்தில் ஜெர்மானியக் கைதிகளை வைத்திருந்த இடத்தில் முள்வேலிக்குள் அடைத்தார். மூன்று வாரத்தில், ஜனாதிபதி நியமித்த விசாரணைக் குழுவின் அறிக்கையை ஏற்று, வெற்றி என்று அறிவித்துச் சங்கம் போராட்டத்தை முடித்துக்கொண்டது. வேலைக்குத் திரும்பியவர்கள் ஆலை வாசலில் பெயர்ப்பட்டியலோடு நின்றவர்களைக் கண்டார்கள். பட்டியலில் இருந்தவருக்கு அந்த ஆலையில் மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்தில் எந்த ஆலையிலும் இடமில்லை.

இதற்குப் பிறகு வந்த மௌனத்தையே இந்தச் சரித்திரத்தின் மிகக் கனமான அத்தியாயமாக நான் கருதுகிறேன். தண்டிக்கப்பட்டவர்கள் அச்சத்தால் பேசவில்லை; வேலையில் தங்கியவர்கள் கூச்சத்தால் பேசவில்லை; தாத்தா பாட்டி போராடியவர்கள் என்பதே தெரியாமல் பேரக்குழந்தைகள் அதே ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். டான் பீச்சத்தின் பேரரான பத்திரிகையாளர் பிராங்க் பீச்சமே, பாட்டனாரின் பங்கை வளர்ந்து பெரியவரான பிறகுதான் அறிந்தார். 1995இல் '34ஆம் ஆண்டு எழுச்சியைப் பற்றிய ஓர் ஆவணப்படம் வெளிவந்து, ஹொனியா பாத்தில் எழுவருக்கும் ஒரு கல் நாட்டப்பட்டபோது, அறுபது ஆண்டுகள் கழிந்திருந்தன. எழுந்த கதை மறைந்து அடங்கிய கதை மட்டும் மிஞ்சிய ஊரில், நம் ஜனங்கள் சங்கத்துக்கு ஒவ்வாதவர்கள் என்று சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்?

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சூட்டில், 1946இல், சி.ஐ.ஓ. என்ற தொழில்துறைச் சங்கங்களின் காங்கிரஸ் தெற்கை வென்றெடுக்கப் புறப்பட்டது. பத்து லட்சம் டாலர் நிதி, சுமார் 200 அமைப்பாளர்கள், அட்லாண்டாவில் தலைமையகம்; பத்திரிகைகள் அதற்கு 'ஆபரேஷன் டிக்ஸி' என்று பெயரிட்டன. தலைமை தாங்கிய வான் பிட்னர் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் பழுத்தவர். சிவப்பர்கள் என்ற அவதூறுக்கு இடங்கொடுக்கலாகாது என்று இடதுசாரிகளை ஒதுக்கினார். இனக் கேள்வியை எழுப்பலாகாது என்று கறுப்பர் நிறைந்த தொழில்களைப் பின்னுக்குத் தள்ளி, வெள்ளையர் நிறைந்த பஞ்சாலைகளை, அவற்றிலும் மிகப் பெரியவற்றை, முதலில் தாக்கத் திட்டமிட்டார். பெரிய கோட்டை விழுந்தால் சிறியவை தாமே விழும் என்பது அவர் கணக்கு.

அந்தப் பெரிய கோட்டை கன்னாபொலிஸ். சார்லட் நகரத்துக்கு வடகிழக்கே, துவாலைக்கும் படுக்கை விரிப்புக்கும் பேர்போன கானன் ஆலைகளில் இருபதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். வீடுகளும், கடைவீதியும், தெருக்களும் கம்பெனிக்குச் சொந்தம். 1984 வரையில் அந்த ஊருக்கு நகரசபையே கிடையாது. சார்லஸ் கானனே நகரசபை. அமைப்பாளர்கள் துண்டுப்பிரசுரம் கொடுத்தால் வாங்கியவர் யார் என்று பார்க்க ஆள் இருந்தது. சங்கத்தை அந்திக்கிறிஸ்துவின் வேலை என்று பழித்த பத்திரிகைகள் வீடுதோறும் தபாலில் வந்தன. இதை மறுக்கத் தேவாலயங்களுக்கு நடந்தவர் லூசி ராண்டால்ஃப் மேசன் என்ற நரைத்த தலை மூதாட்டி. வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தை எழுதிய ஜார்ஜ் மேசனின் வம்சம். அந்தக் குலப்பெயரையும் வேதாகமத்தையும் கேடயமாகக் கொண்டு, அமைப்பாளர்களை அடித்த ஷெரீப்புகளின் எதிரே உட்கார்ந்து அரசியல் சாசனத்தைப் படித்துக்காட்டியவர். அவர் ஒருவரால் ஒரு தேசத்தைத் திருப்ப முடியவில்லை.

அடக்குமுறை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டால் கதை எளிதாகிவிடும். யுத்தக் காலத்தில் பஞ்சாலைக் கூலி கணிசமாக உயர்ந்திருந்தது. வடக்கே சங்கம் வாங்கித்தந்த உயர்வைத் தெற்கத்தி முதலாளிகள் சங்கம் வருமுன்னே முந்திக்கொண்டு கொடுத்தார்கள். முதன்முறையாகத் தவணையில் ஒரு காரும் வீடும் வாங்கிய தொழிலாளி, வேலைநிறுத்தத்தில் தவணை தவறினால் என்ன ஆகும் என்று எண்ணினான். ஆறு மாதத்தில் கன்னாபொலிஸில் ஒரு வாக்கெடுப்புக் கேட்கும் அளவுக்குக்கூடக் கையெழுத்துச் சேரவில்லை. ஆண்டு முடிவில் நிதி பாதியாகக் குறைக்கப்பட்டது. பெயரளவில் 1953 வரை இயக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தது.

பிட்னர் பின்னுக்குத் தள்ளிய இடங்களிலோ சங்கம் உயிரோடு இருந்தது. வின்ஸ்டன்-சேலம் நகரத்து ரெய்னால்ட்ஸ் புகையிலை ஆலையில், 1943 ஜூனில், இலையின் நரம்பு உரிக்கும் கறுப்புப் பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே வேலையை நிறுத்தி எழுப்பிய சங்கம், 1947இல் ஒரு கறுப்பின போதகரை வெள்ளை வேட்பாளருக்கு எதிராக நகரசபைக்கு ஜெயிக்கவைத்தது. சார்ல்ஸ்டன் நகரத்துச் சுருட்டு ஆலைப் பெண்கள் 1945 குளிர்காலத்தில் மறியலில் பாடிய தேவாலயப் பாட்டு ஒன்று, டென்னஸி மலையிலிருந்த ஹைலாண்டர் தொழிலாளர் பள்ளியின் வழியே பரவி, பிற்காலத்தில் கறுப்பரின் உரிமைப் போராட்டத்தின் கீதமாக உலகெங்கும், நம் பள்ளிக்கூடங்கள் வரையிலும், ஒலித்தது. ரெய்னால்ட்ஸ் சங்கத்தைக் கம்யூனிஸ்டு என்று முத்திரையிட்டு 1950இல் வீழ்த்திய வாக்கெடுப்பில், அதற்கு எதிராகப் போட்டிச் சங்கம் நிறுத்தியது சி.ஐ.ஓ.வே. தெற்கில் தனக்கிருந்த உறுதியான காலையே வெட்டிக்கொண்ட ஸ்தாபனம் பிறகு நடக்க முடியவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

1947இல் வந்த டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், சங்கத்தில் சேர்வதை வேலைக்கு நிபந்தனையாக்கலாகாது என்று விதிக்கும் சட்டங்களை ராஜ்யங்கள் இயற்ற வழிவிட்டது. தென்ராஜ்யங்கள் வரிசையாக இயற்றின. சட்டத்தைவிடக் கூரிய பாடத்தை டார்லிங்டன் கற்பித்தது. தென் கரோலினாவில் அந்த ஊர் ஆலைத் தொழிலாளர் 1956 செப்டம்பர் 6ஆம் தேதி, ஹொனியா பாத் கொலைகள் நடந்து சரியாக இருபத்திரண்டு ஆண்டு நிறைந்த அதே நாளில், 256க்கு 248 என்ற வாக்கில் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு வாரம் செல்லுமுன் உரிமையாளர் ரோஜர் மில்லிகன் ஆலையையே மூடத் தீர்மானித்தார். ஆண்டு முடிவதற்குள் இயந்திரங்கள் ஏலம் போயின. வழக்கு உச்ச நியாயஸ்தலம் வரை சென்று, நஷ்ட ஈடு தீர்ந்தபோது ஆண்டு 1980. ஓட்டுப் போட்டவர்களில் பலர் அதற்குள் இறந்துபோனார்கள். இடைப்பட்ட காலத்தில் கரோலினாவின் எந்த ஆலையில் வாக்கெடுப்பு வந்தாலும், டார்லிங்டன் என்ற ஒரு சொல்லை உச்சரித்தாலே போதுமானதாயிற்று.

1964இன் சிவில் உரிமைச் சட்டம் ஆலைக் கதவைக் கறுப்பு மக்களுக்குத் திறந்தபோது நிலை சற்று மாறிற்று. உரிமைப் போராட்டத்தில் பழகி வந்தவர்கள் சங்கச் சீட்டைக் கண்டு அஞ்சவில்லை. 1963 முதல் ஜே.பி. ஸ்டீவன்ஸ் கம்பெனியோடு நடந்த நெடும்போர், 1974 ஆகஸ்டில் ரோனோக் ராபிட்ஸ் நகரத்தில் 1,685க்கு 1,448 என்று வென்றது. முந்திய ஆண்டில் வேலைநீக்கம் செய்யப்பட்ட கிரிஸ்டல் லீ சட்டன், 'சங்கம்' என்று எழுதிய அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மேஜைமீது ஏறி நிற்க, சுற்றிலும் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றதை ஹாலிவுட் பிற்காலத்தில் படமாக்கிற்று. படம் 1979இல் வந்தது. ஒப்பந்தம் 1980 அக்டோபரில்தான் வந்தது. வாக்கில் ஜெயித்தும் ஆறு ஆண்டு காத்திருந்தார்கள் என்பதைப் படம் பார்த்தவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. பஞ்சுத்தூசியால் நுரையீரல் கெட்டு மூச்சிழுத்தவர்களும் அந்நாட்களில் தனியே ஒரு சங்கம் கண்டார்கள். அவர்களுடைய கிளர்ச்சியும் சேர்ந்து பிறந்த தூசிக் கட்டுப்பாட்டு விதியை 1981இல் உச்ச நியாயஸ்தலம் நிலைநிறுத்திற்று. இந்த வெற்றியை ஹாலிவுட் படமாக்கவில்லை.

கன்னாபொலிஸ் கடைசியாக விழுந்தது. பலமுறை தோற்றபின், 1999 ஜூனில், 2,270 பேர் சங்கத்துக்கும் 2,102 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். பிட்னர் எண்ணிய கோட்டைக்குள் சங்கம் நுழைய ஐம்பத்துமூன்று ஆண்டுகள் ஆயின. அப்போது ஆலை பில்லோடெக்ஸ் என்ற கம்பெனியின் கையில், தாங்கமுடியாத கடனோடு, வெளிநாட்டு மலிவுத் துணியின் போட்டியில் திணறிக்கொண்டிருந்தது. 2003 ஜூலை 30ஆம் தேதி கதவு மூடப்பட்டு, வட கரோலினாவில் மட்டும் ஒரே நாளில் 4,000க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். சங்கம் வந்ததால்தான் ஆலை போயிற்று என்று சொன்னவர்கள் அப்போதும் இருந்தார்கள். சங்கத்தின் நிழலே படாத ஆலைகள் கரோலினாவெங்கும் அதே ஆண்டுகளில் அதே காரணத்தால் வரிசையாக மூடப்பட்டதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.